மூட வேண்டிய கண்

தேவகுமாரி கண்ணில் ஒட்டிய பிளாஸ்திரியை, அன்றைக்கு நாலாவதையும், பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“துப்பு சாமி, துப்பு!” என்று கெஞ்சினான் லாசர். பத்து மாத மகள் அவன் மூக்கில் ஓர் அறை விட்டாள்.

குழந்தையின் இடது கண் எப்போதும் மூக்குப் பக்கமே ஓடியது. “நல்லா இருக்கற வலது கண்ணை தினமும் ரெண்டு மணி நேரம் மூடுங்க. அப்பத்தான் சோம்பேறிக் கண்ணு வேலை செய்யும். இல்லேன்னா அதுல பார்வையே போயிடும்” என்று சேலத்து டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து லாசருக்குச் சோறு இறங்கவில்லை.

கைக்கு உறை மாட்டினான், கடித்துக் கழற்றினாள். தன் கண்ணிலும் ஒன்றை ஒட்டிக் காட்டினான்; பாதிப் புருவத்தோடு அதையும் பிய்த்தாள். கடைசியில் அப்பன் முகத்தைக் கண்டாலே அலறினாள்.

“ஏனுங்க, கண்ணாயி அக்காகிட்ட உட்டுப் பாக்கலாமுங்க” என்றாள் மனைவி இன்பமேரி. காப்பிப்பழம் பறிக்கப் போகிறவர்களின் பிள்ளைகளை எஸ்டேட்டில் பார்த்துக்கொள்பவள் கண்ணாயி.

மறுநாள் காலை லாசர் ஒட்டிவிட்டு, கதறும் பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஓடினான். மத்தியானம் வந்தால், பிளாஸ்திரியை எடுத்து முகம் கழுவிப் பவுடர் போட்டு வைத்திருந்தாள் கண்ணாயி.

“கையே வெக்கலீங்க. தங்கமாட்டம் இருந்துச்சு!”

லாசர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

ஒரு மாதம் கழித்து டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். “மோசமாயிருக்கே? நாலு மணி நேரமாக்குங்க.”

ஆக்கினார்கள். அடுத்த மாதம் இன்னும் மோசம். ஆறு மணி நேரமாக்கினார்கள். மூன்றாம் மாதம் டாக்டர் டார்ச்சை மேஜைமேல் வைத்துவிட்டார்.

“இப்படியே போனா இந்தக் கண்ணு தேறாது. பிள்ளையைப் பாத்துக்கற அம்மாவைக் கூட்டிட்டு வாங்க.”

லாசர் மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் வாய்விட்டு அழுதான். மகளுக்குக் கண் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடத் தன் கண்ணைப் பிடுங்கிக் கொடுத்துவிடலாம் என்றிருந்தது.

அடுத்த வாரம், வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு சேலம் வந்து சேர்ந்தாள் கண்ணாயி.

“ஒரு நாளாவது ஒட்டாம விட்டீங்களாம்மா?” என்று கேட்டார் டாக்டர்.

“சேர்வராயன் சாமி சத்தியமா இல்லீங்க!”

“அப்புறம் எப்படி?”

கண்ணாயி லாசரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“இவரை வையாதீங்க டாக்டரு. நொம்ப நல்ல மனுசன். பதட்டத்துல நெதமும் நல்ல கண்ணுல ஒட்டிக் கொண்டாந்துருவாருங்க. இவுரு தலை மறைஞ்சதும் கோணக்கண்ணுக்கு மாத்தி ஒட்டுனது நானுங்க.”