சித்தாண்டியில் நின்ற கோச்சி

ஒற்றைப் பாதையில், அடுத்த ஸ்டேசன் சம்மதம் தராமல் எந்த ரெயிலும் புறப்படக்கூடாது. இது ரெயில்வே விதி. ரெயிலே ஓடாத ஊரில் இந்த விதியைக் கடைப்பிடித்த ஒரே மனிதர் எங்கள் 'லைன் கிளியர்' அண்ணன்தான்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், யாருக்கும் நினைவில்லை. ஓய்வுபெற்ற ரெயில் கார்ட்; எங்கள் பேச்சில் கோச்சி கார்ட். சண்டையால் மட்டக்களப்புக்குக் கோச்சி வருவது நின்றதும், "அவங்க விடாட்டி நான் விடுறன்" என்று கல்லடியில் தன் பின்வளவுக் கொட்டிலில், ஒரு நீள மேசைமேல் வேலையைத் தொடங்கினார். குடைக்கம்பிகள் தண்டவாளமாயின. டின்மீன் பேணிகள் பெட்டிகளாயின. பழைய ரேடியோ கெசற்றின் மோட்டர் இஞ்சினுக்குள் போனது. மருமகன் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த நீலச் சாரம் வாவியானது.

"கூரை ஒழுகுது, ஒரு கிடுகு வைக்க ஏலாது. கோச்சிக்குப் பாலம் கட்டுறார்" என்பார் அவர் மனைவி.

"மழை பெய்தாத்தானே புள்ள வாவியில தண்ணி நிக்கும்."

அந்தக் காலத்தில் பற்றறியும் வயரும் சேர்த்து வைக்க அனுமதி வேண்டும். அரச அலுவலகமான கச்சேரியில் தலைமைக் கிளாக்கராக இருந்தவன் நான்; அவருக்கு அடுத்த வளவுக்காரன். கிராம சேவகர் ஒப்பத்துடன், மூன்று பிரதிகளில், உரிய வழியாக அவருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன். மறுமொழி வரும்வரை பொறுக்கச் சொன்னேன். ரெயில் விதியைத் தவிர வேறெந்த விதியையும் மதிக்காத அவர், என்னை வாழைச்சேனை ஸ்டேசன் மாஸ்டராக நியமித்தார். மேசையின் மறுமுனையில் எனக்கு ஒரு சைக்கிள் மணி. நான் இரண்டு முறை அடித்தால்தான் ஏறாவூரிலிருந்து ரெயில் அசையும்.

முதல் ஓட்டத்துக்கு நல்ல நாள் பார்த்தோம். சுற்றிவளைப்புக்கு ஆமியும் அதே நாளைத்தான் பார்த்திருந்தது.

உள்ளே வந்த அதிகாரி மேசையை உற்றுப் பார்த்தார். வாவி, பாலம், ரோட்டு, நெருப்புப்பெட்டிக் கட்டடங்கள், எல்லாவற்றுக்கும் அடியில் வயர். தாக்குதலுக்குத் திட்டம் போடும் மேசையும் இப்படித்தான் இருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த நாட்களில் கொண்டுபோகப்பட்டவர்கள் எல்லோரும் திரும்பி வந்ததில்லை.

துப்பாக்கி முனை ஒரு நெருப்புப்பெட்டியைத் தொட்டது. "இது எங்கட கேம்ப்தானே?"

"இல்ல சேர். ஸ்டேசன் கக்கூஸ்."

"கோச்சி எண்டா ஓட்டிக் காட்டு. ஓடாட்டி நீ ஜீப்பில ஏறு."

"ஏலாது சேர்." அண்ணன் கையைக் கட்டிக்கொண்டார். "வாழைச்சேனை இன்னும் மணி அடிக்கல்ல."

துப்பாக்கிகள் எல்லாம் வாழைச்சேனைப் பக்கம் திரும்பின. வாழைச்சேனை மேசைக்கடியில் ஒளிந்திருந்தது.

"கிளாக்கர் தம்பி! டியூட்டியில நித்திரையா? ரிப்போட் எழுதிப் போடுவன்!"

என் கை மட்டும் மேலே எழும்பி மணியை அடித்தது. எண்ண மறந்து ஏழெட்டு முறை அடித்துவிட்டேன்.

"அது விபத்துக்கு அடிக்கிற மணி, மனே. ஒழுங்கா அடி!"

அடித்தேன். டின்மீன் பேணிகள் வாவிக்கரையால் கிறீச்சிட்டு ஓடின. ஒரு சிப்பாய் தன்னை மறந்து "கூ" என்றான். அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கடமை நினைவுக்கு வந்தது.

"பற்றறிக்கு பெர்மிட்?"

"போட்டிருக்கு சேர். மறுமொழி வரல்ல."

அதிகாரி பற்றறிகளைக் கழற்றிக்கொண்டு, மனிதரை விட்டுவிட்டுப் போனார். ரெயில் ஏறாவூருக்கும் வாழைச்சேனைக்கும் நடுவில், சித்தாண்டியில் நின்றுவிட்டது.

"கையால தள்ளிவிடுவமா அண்ணன்?" என்றேன்.

"நடுப்பாதையில நிக்கிற வண்டியைத் தள்ளுறதா? நீ படிச்சவன்தானே?" ரெயிலுக்குப் பின்னால் ஒரு சிவப்புத் துணியை நட்டுவிட்டுக் கொட்டிலைப் பூட்டினார்.

அதன் பிறகு வருடக்கணக்காக, பின்னேரங்களில் வேலிக்கு மேலால் ஒரு குரல் வரும்: "வாழைச்சேனை, மறுமொழி வந்திட்டா?"

"இல்ல அண்ணன்."

"அப்ப டியூட்டியை விட்டுப் போயிராத."

நான் போகவில்லை. அவர்தான் ஒரு மாரியில், எந்த ஸ்டேசனின் மணிக்கும் காத்திராமல் போய்விட்டார். பிந்தினாலும் பரவாயில்லை என்று, நான் கொட்டிலைத் திறந்து அந்தச் சைக்கிள் மணியை இரண்டு முறை, ஒழுங்காக, அடித்தேன். பற்றறிகளுக்கு அனுமதி வழங்கும் மறுமொழி வந்த நாள் அது; அவர் இறந்து முப்பத்தோராம் நாள்.