கதவைத் தட்டாத ஜப்பான் டி.எஸ்.பி.

வாக்காளர் வீட்டு வாசலை மிதிக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்த வேட்பாளர் டெக்சாஸ் பிளானோவிலேயே, ஏன், இந்தப் பூலோகத்திலேயே ஒருத்தர்தான். எங்கள் தெரு ஜப்பான் டி.எஸ்.பி.!

பட்டம் நாங்கள் வைத்தது. ஜப்பான்காரர். அங்கே பெரிய போலீஸ் அதிகாரியாக இருந்து, ரிட்டயர் ஆனதும் அங்கேயே நகரசபைத் தேர்தலில் நின்று ஜெயித்தவர். மகள் இங்கே இருக்கிறாள் என்று வந்து வீடு வாங்கினார். மனுஷர் சும்மா இருப்பாரா? தெரு வளைவில் கார்கள் பறக்கிற பறப்பில் ஒரு குழந்தை சைக்கிளோடு விழுந்து கையை உடைத்துக்கொண்டது. உடனே வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கத் தலைவர் பதவிக்கு நின்றுவிட்டார். ஒரே வாக்குறுதி, அந்த வளைவில் ஸ்பீடு பிரேக்கர்.

பிரசாரம் ஜப்பான் பாணி. தினமும் காலையில் கோட், வெள்ளைக் கையுறை, மார்பில் பெயர் எழுதிய பட்டை. போகிற காருக்கெல்லாம் இடுப்பை வளைத்து ஒரு வணக்கம். டெக்சாஸ் வெயிலுக்கு அசைய மாட்டார். குப்பை லாரிக்கும் மரியாதை கிடைத்தது.

அவருக்குத் தேர்தல் ஏஜென்டாகத் தானே முளைத்த நாகர்கோவில் ஜெபராஜ் என்னிடம் வந்து தலையில் அடித்துக்கொண்டான்.

"வீடு வீடா போனாத்தான் சார் ஓட்டு விழும். கேக்க மாட்டேங்கிறாரு. ஜப்பான்ல அது கிரைமாம்! அப்படிப் போனவங்கள இவரே அரெஸ்ட் பண்ணிருக்காராம்!"

"இது டெக்சாஸ்னு சொல்லுப்பா."

"சொல்லிட்டேன். 'இங்க தப்பில்ல, சரி. ஆனா என் கை பெல்லை அழுத்தாது'ங்கிறாரு!"

என் மனைவிக்கோ ஒரே மனத்தாங்கல். "எதிர்த்து நிக்கிறவர் ஸ்வீட் பாக்ஸோட வந்தாரு. இவரு ஒரு வார்த்தை வந்து கேட்டாரா? ரோட்ல நின்னு குனிஞ்சா ஆச்சா?"

தெருவில் பாதிப் பேருக்கு இதே கோபம். மனுஷர் மண்ணைக் கவ்வினார். ஸ்பீடு பிரேக்கரும் போச்சு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் ஜப்பான் டி.எஸ்.பி.! கையுறை இல்லை, பட்டை இல்லை. என் மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"நீங்கள்தான் வீட்டுக்கெல்லாம் வரமாட்டீர்களே?" என்று கேட்டேன்.

இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார். "வேட்பாளர் வரக்கூடாது. நான்தான் தோற்றுவிட்டேனே! இப்போது வெறும் போலீஸ்காரன். எங்கள் ஊரில் போலீஸ்காரன் வீடு வீடாகப் போய் நலம் விசாரிப்பது கடமை. தயவுசெய்து வளைவில் மெதுவாக ஓட்டுங்கள்."

ஒரு வீட்டையும் விடவில்லை, தன்னைத் தோற்கடித்தவர் வீடு உட்பட. "இந்த மனுஷனுக்கா நான் ஓட்டுப் போடல?" என்று என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இன்றுவரை அங்கே ஸ்பீடு பிரேக்கர் கிடையாது. ஆனாலும் ஒருத்தரும் வேகமாகப் போவதில்லை. அவர் மனசு நோகக்கூடாது, அவ்வளவுதான்.