மூசாரம் பிறந்த கதை

நெருப்பு, சக்கரம் ஆகியவற்றுக்கு அடுத்து மனிதகுலம் கண்ட மாபெரும் நிகழ்வு எங்கள் துறைமுக அலுவலக மாடியில் நடந்தது. கடல்மேல் இறங்கும் மூடுபனியை எங்கள் ஊரில் 'மூசாரம்' என்போம். அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று கண்டறிய இரண்டு பேராசிரியர்கள் வந்திருந்தார்கள். ஒலிவாங்கியைத் துடைத்து நீட்டுவது என் பொறுப்பு. நான் இயற்பியல் படித்திருக்கிறேன்.

மரியாதைக்கு மூசாரமே நேரில் வந்தது. ஜன்னல் வழியே நுழைந்து கட்டுரைகளை நனைத்தது. ஆய்வுக்கு இடையூறு என்று ஜன்னலைச் சாத்தினோம்.

மூசாரத்தில் படகுகளுக்குக் கரை தெரியாது; எங்கள் துறைமுகச் சங்கின் சத்தம்தான் வழி. அது ஊதியது.

"என்னங்க இது, வாயைத் திறந்தாலே ஊதுது?" என்றார் மூத்த பேராசிரியர்.

"மூசாரத்துக்காக சார்," என்றார் துறைமுக அதிகாரி.

"அதைப் பத்தித்தானேய்யா பேசிட்டிருக்கோம்! நிறுத்துங்க."

'அறிவுசார் அமைதி கருதி' சங்கு நிறுத்தப்பட்டது.

'மூசு' என்றால் மொய்த்தல், அதிலிருந்து பிறந்தது மூசாரம் என்றார் மூத்தவர். இல்லை, கப்பலில் வந்த சொல் என்றார் இளையவர். எந்தக் கப்பல் என்று கேட்டோம். பனியில் தெரியவில்லை என்றார். கைதட்டினோம்.

அப்போது என் அண்ணி மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

"சங்கை எவன்டி நிறுத்தினது? உங்கண்ணன் படகு இன்னும் கரைக்கு வரல!"

மூத்தவர் எழுந்தே விட்டார். "வாங்கம்மா! பிறந்ததிலேர்ந்து இந்தச் சொல்லோட வாழறவங்க! எங்கே, மூசாரம்னு சொல்லுங்க."

"மூசாரத்துல மாட்டிக்கிட்டாருய்யா என் வீட்டுக்காரரு!"

"ஆகா, ஏழாம் வேற்றுமை! இன்னொரு தடவை, அழாம சொல்லுங்க. 'சா' சரியா விழல."

நான் ஒலிவாங்கியை நீட்டினேன், அண்ணியிடம். ஆய்வுரைகளைப் பொதுமக்களும் கேட்டு உய்யட்டும் என்று கடலைப் பார்த்து ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தோம்.

"யோவ்! போகாதேன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா? இந்தப் பக்கம் வாய்யா! வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு!"

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலுக்கு எதிர்த்திசையில் ஓடியே பழகியவன் என் அண்ணன். அன்று முதல்முறையாக அதை நோக்கி வந்தான். படகு பத்திரமாகக் கரை சேர்ந்தது.

அரங்கம் ஒருமனதாகத் தீர்மானித்தது: படகைக் காத்தது ஆய்வரங்கின் ஒலிபெருக்கியே. ஆகவே சங்கைக் கழற்றிவிடலாம். இனி மூசாரம் வரும்போதெல்லாம் ஆய்வரங்கம் கூட்டலாம்.

நியாயம்தான். அறிஞர்கள் அன்று கூடியிராவிட்டால் ஒலிபெருக்கியே இருந்திருக்காது. சங்குதான் ஊதியிருக்கும்.