ஓடுற ஆள் அடையாளம்

மாரியாத்தா மேல சத்தியமா சொல்றேன், இதுல ஒரு எழுத்து பொய்னா என் மீசை உதிரட்டும். ஏற்கெனவே உதிர்ந்த பாதி வேற விஷயத்துக்கு.

இரண்டாயிரத்து எட்டு. குவைத்துல வேலை செய்யுற மக ஜீவராணி கெமரா வெச்ச போன் ஒன்னு அனுப்பினா. வந்த அன்னிக்கே என் சம்சாரம் பூரணி அதை அலுமாரியில வெச்சுப் பூட்டிட்டா. ரெண்டு மாசம் பொறுத்தேன். அப்புறம் பொங்கி எழுந்தேன்.

"நீ தேயிலைக் கொழுந்து எடுக்குறதைத் தெளிவா ஒரு படம் புடிச்சுக் காட்டுறேன். புடிச்சுட்டா போன் எனக்கு!"

"புடிக்கலைன்னா?"

"இனிமே வெறகு நான் சுமக்குறேன்!"

லேசுப்பட்ட பந்தயம் இல்லீங்க. முழங்கால் வலின்னு ஆறு மாசமா நான் வெறகுப் பக்கமே போகல. அத்தனையும் அவ தலையிலதான்.

மறுநாள் காலையில போனோட மலைக்குப் போனேன். மூடுபனி. என் கையை நானே பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் கண்டுபுடிக்கணும். வெளிச்சம் பத்தாதேன்னு மின்னல் அடையாளத்தை அமுக்கி, ப்ளாஷ் போட்டு அடிச்சேன். படம் முழுக்க வெள்ளை.

"இதுல நான் எங்கங்க?"

"பனிக்குப் பின்னால நிக்குற."

"பனியில டோர்ச்சை நேரா அடிச்சா பனிதானே தெரியும்? லைட்டை அணைங்க."

அணைச்சேன். அவ சொல்லி இல்ல, நானா யோசிச்சு. அடுத்து நிலா அடையாளம்; மங்கல் வெளிச்சத்துக்கு. படத்துல பூரணிக்கு மூனு தலை, பதினாறு கை. அத்தனை கை நெசமா இருந்தா தோட்டத்தையே அவ ஒருத்தி மொட்டையடிச்சிருப்பா.

"அதுல கெமராக் கண்ணு ரொம்ப நேரம் தொறந்திருக்குங்க. கை ஆடக்கூடாது. அந்தக் காலிக் கூடை மேல வெச்சுப் புடிங்க."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"உங்க கை ஆடுறது லயத்துல குடியிருக்குற எல்லாருக்கும் தெரியும். அங்கேருந்தே படத்தைப் பெருசாக்காதீங்க, ரெண்டு எட்டு கிட்ட வாங்க."

"முழங்கால் வலிக்குதுடி!"

நொண்டிக்கிட்டே போய், கூடையைக் கவுத்து, மூச்சை அடக்கி அமுக்கினேன். கண்ணாடி மாதிரி படம்! கொழுந்து நுனியில பனித்துளி, துளிக்குள்ள மஸ்கெலியா குளம், குளத்துல ஒரு மீன் கொட்டாவி விடுறதுகூட தெரிஞ்சுது.

"ஜெயிச்சிட்டேன்! போன் எனக்கு!"

"நல்லாத்தான் இருக்கு. வெச்சுக்கங்க. அப்பிடியே நான் புடிச்சதையும் பாத்துருங்க."

"பூட்டித்தானே வெச்சிருந்த?"

"சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

பொத்தானை அமுக்கிக் காட்டினா. போன வாரத் திருவிழா. தப்பு மேளத்துக்கு முன்னால நான். ரெண்டு காலும் நிலத்துல இல்ல. முழங்கால் ரெண்டும் நெஞ்சைத் தொடுது.

"துள்ளி ஆடுறவங்களைப் புடிக்க ஓடுற ஆள் அடையாளம் போடணுங்க. இல்லாட்டிக் கலங்கிரும்."

கொஞ்சமாவது கலங்கியிருந்தா அது நானில்லைன்னு சாதிச்சிருப்பேன். கால் விரலைக்கூட எண்ணலாம் போல அவ்வளவு தெளிவு!

ஆனா ஒன்னு, நான் தோக்கலைங்க. பந்தயப்படி போன் இன்னிக்கும் என் சட்டைப் பையிலதான் இருக்கு. அது அடிச்சா எடுக்கத்தான் முடியல. ரெண்டு கையும் தலையில இருக்குற வெறகுக்கட்டைப் புடிச்சிருக்கு. யாராவது கேட்டா நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க.