வெர்னாட்சாவில் மரியம்மா தொலைந்த கதை

இயேசு மரி சூசை துணை

மில்லிக்கன்,
ஜூன் 19

அன்பும் மதிப்பும் நிறைந்த மச்சான் பஸ்ரியன் அவர்கட்கு,

தங்கள் தங்கையின் கணவன் சீமோன் எழுதிக்கொள்வது. ரூஜில் இருக்கிற உங்கள் வீட்டில் தாங்களும் ஜூலி மச்சாளும் சுகமே இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் பதினொரு நாளாக முட்டைப் பொரியலும் பாணும் தின்கிற ஒருவன் அப்படி எழுதினால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவேண்டி வரும். பதினைந்து நிமிடத்தில் காரில் வந்து சொல்லக்கூடியதை ஏன் கடிதமாக எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். போன் எடுத்தால் ஜூலி மச்சாள் "மரியம்மா குளிக்கிறா" என்று சொல்லி வைத்துவிடுகிறா. காலையில் எடுத்தாலும் குளிக்கிறா, மத்தியானம் எடுத்தாலும் குளிக்கிறா, பின்னேரமும் குளிக்கிறா. கல்யாணம் கட்டி முப்பத்தேழு வருடத்தில் அவ இவ்வளவு குளித்து நான் பார்த்ததில்லை.

அவவின் நிபந்தனையை எங்கள் மகள் செரீனா மூலம் அறிந்தேன். கோயிலில் நான் சொன்ன கதையை, சொன்ன இடத்திலேயே, கேட்ட ஆட்களுக்கு முன்னாலேயே திருத்திச் சொன்னால்தான் வீட்டுக்கு வருவாவாம். மச்சான், திருத்துவதற்கு அந்தக் கதையில் பிழை ஒன்றும் இல்லை. நடந்ததை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன், நீங்களே நடுவராக இருந்து தீர்ப்புச் சொல்லுங்கள்.

எங்கள் குசினியில் ஒரு கலண்டர் தொங்குவது உங்களுக்குத் தெரியும். பல் டொக்டர் தந்தது. ஆறு வருடத்துக்கு முந்திய கலண்டர், வருடம் முடிந்தும் அதில் ஓகஸ்ட் மாதம் மட்டும் முடியவில்லை, ஏனென்றால் ஓகஸ்டில் இத்தாலியின் வெர்னாட்சா என்ற ஊரின் படம் இருக்கிறது, றோஸ் வீடும் மஞ்சள் வீடும் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்று கடலை எட்டிப் பார்க்கிற மாதிரி. அதைப் பார்த்துக்கொண்டுதான் உங்கள் தங்கை ஆறு வருடம் வெங்காயம் வெட்டினா. "அதுக்கு முன்னாலை நிண்டு ஒரு படம் எடுக்கவேணும், எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்" என்பா. இந்த வருடம் எங்கள் கோயில் ஆட்கள் இத்தாலிக்கு, பதுவை அந்தோனியாரிடம் யாத்திரை போகிறார்கள் என்றதும் நாங்களும் பெயர் கொடுத்தோம். யாத்திரையில் ஒரு நாள் ஓய்வு. அந்த ஒரு நாளுக்காக உங்கள் தங்கை கலண்டரைக் கழற்றிக்கொண்டு சீலைக்கடைக்குப் போய், எந்த வீட்டு நிறத்தோடும் மோதாத ஒரு பச்சைச் சீலை எடுத்தா. கடைக்காரப் பெடிச்சி கலியாண வீடு எங்கை அன்ரி என்று கேட்டதாம்.

அந்த நாள் விடியவே இரண்டு பேரும் கூட்டத்தை விட்டுக் கழன்று, லா ஸ்பெசியா என்ற பட்டினத்துக்கு வந்து, நாள் முழுவதும் ஏறி இறங்கக்கூடிய டிக்கெட் எடுத்தோம். கடலோரமாய் ஐந்து ஊர், நடுவில் முழுவதும் மலை, மலைக்குள் சுரங்கம். ரெயின் சுரங்கத்துக்குள் போகும், ஒரு கண்வெட்டு நேரம் கடல் தெரியும், மறுபடி சுரங்கம். நான் இருபத்தாறு வருடம் ரொறன்ரோ சப்வேயில் கார்ட் வேலை பார்த்தவன் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். என் இடம் கடைசிப் பெட்டி. ரெயின் நின்றதும் தலையை வெளியே நீட்டி, எதிர்ச் சுவரில் இருக்கிற பச்சை முக்கோணத்தைச் சுட்டுவிரலால் காட்டிவிட்டுத்தான் கதவைத் திறக்கவேண்டும். முக்கோணம் நேரே நின்றால் எல்லாப் பெட்டியும் மேடையில் நிற்கிறது என்று அர்த்தம். அத்தனை வருடத்தில் ஒரு சனத்தைக்கூட நான் இருட்டுக்குள் இறக்கியதில்லை. ஆகவே இத்தாலியிலும் கடைசிப் பெட்டியில்தான் ஏறினோம்.

வெர்னாட்சா வந்தது. அந்த ரெயின் நீளம், மேடை கட்டை. முன்பெட்டிகள் வெயிலில் நிற்க, எங்கள் பெட்டி சுரங்கத்துக்குள் நின்றது. கதவு தானாய்த் திறந்தது. வெளியே கருங்கல் சுவரும் ஒரு மங்கல் லைற்றும். தலையை நீட்டினேன். விரல் பழக்கத்தில் நீண்டுவிட்டது, ஆனால் காட்டுவதற்கு முக்கோணம் இல்லை. உடனே இரண்டு கையையும் விரித்துக் கதவை மறித்தேன். எனக்குப் பின்னால் உங்கள் தங்கையும் ஏழு கொரியப் பிள்ளைகளும். "நோ பிளாட்ஃபோம், நோ பிளாட்ஃபோம்" என்று என் சப்வேக் குரலில் சொன்னேன். ஓய்வு பெறும்போது தந்த நீலக் கோட்டைப் போட்டிருந்தேன், அதனால் அந்தப் பிள்ளைகள் என்னை ரெயில்வே ஆள் என்று நினைத்து, தலை குனிந்து நன்றி சொல்லிவிட்டுத் திரும்பவும் போய் இருந்தார்கள். கதவு பூட்டியது. ரெயின் வெளியே வந்ததும் றோஸ் வீடு, மஞ்சள் வீடு, கடல், ஓகஸ்ட் மாதம் முழுவதும் யன்னலால் ஓடிப்போனது. மரியம்மா அதைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா.

அடுத்த ஊரில் இறங்கித் திரும்ப ஏறினோம். "முன்பெட்டியிலை ஏறுவமேப்பா" என்றா. நான் கடைசிப் பெட்டியின் பாதுகாப்பைப் பற்றி விளங்கப்படுத்தினேன். எதிர்ப்பக்கத்திலும் சுரங்கம் இருக்கும் என்று யார் கண்டது. மறுபடியும் இருட்டு, மறுபடியும் கை விரித்தேன், மறுபடியும் ஓகஸ்ட் ஓடிப்போனது. கொரியப் பிள்ளைகளும் எங்களோடுதான், நான் எங்கே இறங்கினாலும் இறங்கினார்கள், எங்கே ஏறினாலும் ஏறினார்கள். மூன்றாம் தரமும் அப்படியே தாண்டிப் போனதும் செரீனாவுக்கு போன் போட்டேன். அங்கே விடியற்காலை. "அப்பா, டோர் ஓப்பின் எண்டால் ஜஸ்ற் கெற் ஓஃப்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கனடாவில் பிறந்த பிள்ளைக்குப் பாதுகாப்பு விதி என்ன தெரியும்.

நாலாம் தரம் கதவு திறக்க, நான் தலையை நீட்டி விரலை நீட்ட, உங்கள் தங்கை சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் கமக்கட்டுக்குக் கீழால் புகுந்து இறங்கிவிட்டா. அவவுக்குப் பின்னால் ஏழு கொரியப் பிள்ளைகளும், போகும்போதும் தலை குனிந்து நன்றி சொன்னார்கள். நான் வாயைத் திறக்கமுதல் கதவு பூட்டியது. என் கையில் அவவின் ஹான்ட்பாக், போன், இரண்டு பாஸ்போட், ஒரு பை மிக்சர்.

அடுத்த ஊரில் இறங்கி ஓடினேன் மச்சான். அன்றைக்கென்று பார்த்து ரெயின் தாமதம். ஒன்றரை மணித்தியாலம் அந்த மேடையில் நின்றேன். காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தருகிற பதுவை அந்தோனியாருக்குப் பெரிய மெழுகுதிரி ஒன்று நேர்ந்தேன். கடைசியில் ஒரு ரெயின் வந்து, வெர்னாட்சாவில் இறங்கி, அவவைத் தேடிக் கண்டுபிடித்துப் பத்திரமாய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். பாசை தெரியாத ஊரில், போனும் பாஸ்போட்டும் இல்லாமல், ஒன்றரை மணித்தியாலம் தனியே நின்ற மனுசியைத் தொலைந்துபோனா என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

அதைத்தான் திரும்பி வந்த ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் பிறகு, கோப்பி குடிக்கிற இடத்தில் சொன்னேன். ஜஸ்ரின் அண்ணை "நல்லவேளை, ரெயின் தெரிஞ்ச ஆள் கூட இருந்தது" என்று என் முதுகில் தட்டினார். இரண்டு மூன்று பேர் கைகூடத் தட்டினார்கள். மரியம்மா எனக்குப் பின்னால் நின்றிருக்கிறா. கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்தா, உங்கள் காரில் ஏறினா, அவ்வளவுதான். பொழுதுபட முதல் குடும்ப வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது, கொரியப் பிள்ளைகள் எடுத்து அவவுக்கு அனுப்பினதாம், பச்சைச் சீலையோடு தனியே நிற்கிறா. "சீமோன் எங்கை?" என்று பதினாலு பேர் கேட்டார்கள். "சுரங்கத்துக்குள்ளை" என்று உங்கள் தங்கை பதில் போட்டிருக்கிறா. இதில் மனம் நோகவேண்டியது யார் மச்சான்? கோயிலில் யார் ஊருக்குப் போனாலும் ரெயின் விசயம் என்னிடம்தான் கேட்டுவிட்டுப் போவார்கள். நான் எழும்பி நின்று எதைத் திருத்துவது?

ஆகவே மூத்தவர் என்ற முறையில் புத்தி சொல்லி அவவை அனுப்பிவையுங்கள். நான் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கு ஆண்டவரின் ஆசீரும், ஜூலி மச்சாளுக்கு என் வணக்கமும், குளித்துக்கொண்டிருப்பவவுக்கு என் விசாரிப்பும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மச்சான்
ம. சீமோன்

பி.கு.: கடிதத்தை ஒட்டி, உங்கள் வீட்டுப் பெட்டியில் போட நானே கொண்டுவந்தேன். இப்ப உங்கடை வீட்டுக்கு எதிரிலை காருக்குள்ளை இருக்கிறன். யன்னல் சீலை விலகியிருக்கு. மரியம்மா சோபாவிலை இருந்து ஜூலி மச்சாளுக்கு என்னவோ கையைக் காட்டிச் சொல்லுறா, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கினம். தலைமயிர் நல்லாக் காய்ஞ்சுதான் இருக்கு. இரண்டு கையையும் விரிச்சு ஆரோ கதவை மறிக்கிற மாதிரிக் காட்டுறா. அது நான்தான். அதைப் பார்த்தாப் பிறகு உறையைக் கிழிச்சுப்போட்டு இதை எழுதிறன்.

மச்சான், ரெயின் பிந்தவே இல்லை. நேரத்துக்குத்தான் வந்தது. நான் அதே கடைசிப் பெட்டியிலை ஏறினன். வெர்னாட்சாவிலை கதவு திறந்தது, வெளியிலை இருட்டு, என்ரை கால் எழும்பேல்லை. மனுசி அந்த ஊருக்குள்ளை நிக்கிறா எண்டு தெரிஞ்சும் எழும்பேல்லை. தாண்டிப் போய்த் திரும்பி வந்தன், அப்பவும் எழும்பேல்லை. ஒன்றரை மணித்தியாலம் போனது அப்பிடித்தான். மூண்டாம் தரம் கண்ணை மூடிக்கொண்டு காலை வைச்சன், அங்கை மேடை இருந்தது மச்சான், நல்ல அகலமான மேடை. முழுக்க இருந்தது.

வெளியிலை வந்து பார்த்தால் மரியம்மா கடலோரச் சுவரிலை, செருப்பைக் கழட்டி வைச்சிட்டு, அந்தப் பிள்ளையளோடை இருந்து லெமன் ஐஸ் குடிச்சுக்கொண்டு இப்ப சிரிக்கிற அதே சிரிப்புச் சிரிச்சுக்கொண்டு இருந்தா. என்னைக் கண்டிட்டு, "அதுக்குள்ளை வந்திட்டியளோ" எண்டு கேட்டா. நான் செத்துப் பிழைச்சு வந்து நிக்கிறன், அவவுக்கு நேரம் போனதே தெரியேல்லை. அதுதான் எனக்குச் சுட்டது. அந்தப் பிள்ளையளுக்கு முன்னாலை அவவை ஏசிப்போட்டன். பயந்துபோனன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம், சொல்லேல்லை. அந்தோனியார் தன்ரை வேலையைச் சரியாத்தான் செய்தவர். காணாமற்போனது நான், என்னைத்தான் அவவிட்டைக் கொண்டுவந்து விட்டவர்.

மேலே இருக்கிற பக்கங்களைக் கிழிச்சுப்போடுங்கோ. இந்தத் துண்டை மட்டும் அவவிட்டைக் குடுங்கோ. இந்த ஞாயிறு பூசைக்கு அவவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, கோப்பிக்கும் மறிச்சு வையுங்கோ. நான் வழமைபோலை கோயிலிலை கடைசி வரிசை வாங்கிலைதான் இருப்பன். அங்கையிருந்து எழும்பி முன்னுக்கு வருவன் எண்டு சொல்லுங்கோ.