அட்மிரல் ஆன விதம்

2011 மே 14, சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு எழுந்தேன். ஆறு இருபதுக்குத் தேநீர், சீனி அரைக் கரண்டி. ஏழு மணிக்குச் சப்பாத்துத் துடைத்தேன். ஏழரைக்கு, நார்த்மீட்டில் எங்கள் வீட்டுக் குளியலறைக் கண்ணாடி முன் நின்று, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடற்படை அதிகாரி ஒருவரின் வாழ்க்கையை நாற்பத்தைந்து நிமிடத்தில் சொல்லி முடித்தேன். கண்ணாடி குறுக்கே பேசவில்லை. அதை வைத்து நான் நல்ல பேச்சாளன் என்று முடிவு செய்தது அன்றைய முதல் பிழை.

அப்போது எனக்கு ஐம்பத்தொரு வயது. பரமட்டாவில் நான் வேலை பார்த்த அலுவலகம் மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது. அங்கிருந்து பத்து நிமிட நடையில், நான் கண்ணாடிக்குச் சொன்ன அந்தக் கடற்படைக் கப்டன் வாழ்ந்த வீடு சிறிய காட்சியகமாக இருந்தது. சனிக்கிழமைகளில் தமிழில் சுற்றிக்காட்ட ஒருவர் வேண்டும் என்றார்கள். சம்பளம் இல்லை. ஆனால் கழுத்தில் பெயர் அட்டை தொங்கும். வாரத்தில் ஒரு நாளாவது வீட்டைவிட்டு வெளியே போக ஒரு காரணம் இருக்கும். (காரணமில்லாமல் வீட்டில் இருக்கும் ஆணைப் பற்றி என் மனைவி வசந்தியிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளவும்.) அன்று பரீட்சைச் சுற்று. தமிழ் தெரியாத பொறுப்பாளர் மார்கரெட் பின்னால் நின்று பார்த்துத் தீர்மானிப்பார்.

ஆள் சேர்ப்பதும் என் பொறுப்பு. ஹோம்புஷில் இருந்த எங்கள் குடும்ப நண்பர் தர்மு அங்கிளிடம் சொன்னேன். மாவட்ட அரச அலுவலகமான யாழ்ப்பாணக் கச்சேரியில் தலைமை எழுதுவினைஞராக இருந்தவர், வயது எழுபத்தெட்டு. பத்துப் பேரைக் கூட்டி வந்தார். பத்துப் பேரும் அவரைப் போலவே ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர்கள். இது இரண்டாம் பிழை.

பத்து மணிக்குத் தொடங்கினேன். கப்டன் பதின்மூன்று வயதில் கப்பலேறியதும், ஒரு சண்டையில் இரண்டு விரல்களை இழந்ததும் நன்றாகவே போயின. பிறகு அவர் கரைக்கு வந்தார். போர் முடிந்து, கப்பல்கள் குறைந்து, பதினான்கு வருடம் அரைச் சம்பளத்தில் சும்மா இருந்தார். வேறு யாராவது அதை ஒரே வசனத்தில் தாண்டியிருப்பார்கள். நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். ஒரு நாளைக்கூடத் தாண்டியவனல்ல.

"முதலாம் வருடம், கப்டன் கரையில். இரண்டாம் வருடமும் கரையில்..."

ஆறாம் வருடத்தில், என்னோடு வந்திருந்த வசந்தி தன் பக்கத்தில் நின்ற அன்ரி ஒருவரிடம், "எங்கட வீட்டிலையும் ஒராள் கரையிலதான் நிக்கிறார்," என்றாள். மெதுவாகத்தான் சொன்னதாக இன்றுவரை சாதிக்கிறாள்.

சிரிப்பு அடங்கியதும் தர்மு அங்கிள் கையை உயர்த்தினார்.

"தம்பி, இவர் திரும்பக் கப்பல் ஏறினவரோ?"

"இல்லை, அங்கிள்."

"பிறகெப்பிடி வாசல் பலகையில அட்மிரல் எண்டு கிடக்கு?"

விளக்கினேன். கப்டன் ஆனவர்களின் பெயர்கள் ஒரு பட்டியலில் ஏறும். ஒருவரை ஒருவர் தாண்ட முடியாது. மேலே இருப்பவர் இறந்தால் கீழே இருப்பவர் ஒரு படி ஏறுவார். நம்மவர் வேறெதுவும் செய்யாமல், இறக்காமல் இருந்தே அட்மிரல் ஆனார்.

அத்தனை பேருக்கும் அப்போதுதான் தூக்கம் கலைந்தது.

"உதெல்லோ நேர்மையான டிப்பார்ட்மென்ற்!" என்றார் அங்கிள். "எனக்கு மேல இருந்த மூண்டு பேரும் இண்டைக்கும் கல்லுமாதிரி இருக்கினம்."

"நீங்கள் பரவாயில்லை," என்றார் ஒரு முன்னாள் தபாலதிபர். "என்னை எனக்குக் கீழ இருந்தவனெல்லோ தாண்டினவன்!"

அதன்பின் கப்டனின் வரவேற்பறையில் பதினொரு சேவை வரலாறுகள் விவரமாகச் சொல்லப்பட்டன. யார் யாரை எந்த வருடம் தாண்டினார், யாருடைய மைத்துனர் யாரைப் பிடித்தார் என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் "ஏழாம் வருடம்" என்று நான்கு தடவை தொடங்கினேன். வெளியே அடுத்த குழு மழையில் நின்றது.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு முடிந்தது. வழிகாட்டி நிரப்ப வேண்டிய படிவத்தை மார்கரெட் நீட்டினார். 'கப்டனைப் பற்றி: 31 நிமிடம். மற்றவை: 81 நிமிடம்' என்று எழுதினேன்.

வாசித்த மார்கரெட், "கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதியிருக்கலாமே," என்றார் இரக்கத்துடன்.

"கடிகாரம் பார்த்து எழுதினேன்," என்றேன்.

அவர் ஜன்னல் வழியே பார்த்தார். "எல்லோரையும் சிரிக்க வைத்த அந்தப் பெரியவர் சனிக்கிழமைகளில் ஓய்வாக இருப்பாரா?"

ஓய்வாகத்தான் இருந்தார். பெயர் அட்டை அவர் கழுத்துக்குப் போனது. என்னை உதவி வழிகாட்டி ஆக்கினார்கள். அவர் வர முடியாத நாட்களுக்கு மட்டும்.

திரும்பும்போது காரில் அங்கிள் என் தோளைத் தட்டினார். "யோசிக்காதையும், தம்பி. பட்டியலில உமக்கு மேல நான் ஒருத்தன்தான்."

அன்றிலிருந்து, கலியாண வீடாக இருந்தாலும் சரி, அங்கிள் ஒருமுறை இருமினால் போதும். "இஞ்சருங்கோ, சனிக்கிழமைக்கு உங்களுக்கு சேட் அயர்ன் பண்ணி வைக்கவோ?" என்பாள் வசந்தி. எல்லோரையும்விட அங்கிள்தான் பலமாகச் சிரிப்பார்.

2011 மே 15, ஞாயிறு. காலை ஆறு மணிக்கு எழுந்ததும், தேநீருக்கும் முன்னால், தர்மு அங்கிளுக்கு ஃபோன் எடுத்துச் சுகம் விசாரித்தேன். நல்ல சுகம் என்றார். குறித்துக்கொண்டேன்.