பாஸ்கரின் உண்ணாநோன்பும் பஞ்சநாதரின் படையெடுப்பும்

வாழ்க பஞ்சநாதர்! மரக்காணத்து உப்பளப் பரப்பில் நாற்பது ஏக்கருக்குத் தனிப்பெருந்தலைவர். வெண்குன்றங்களென உப்பைக் குவித்துக் கடற்காற்றுக்கே கண் கரிக்கச் செய்தவர். ஒரு புருவத்தை உயர்த்தினால் முப்பது பெண்கள் கூடையைத் தலைக்கேற்ற, மறு புருவத்தை உயர்த்தினால் மூன்று லாரிகள் உறுமிக் கிளம்ப, ஆணைச் சக்கரம் உருட்டிய அப்பெருமகனார், இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மே மாதத்தில், ஒன்றேமுக்கால் கிலோ எடையுள்ள ஓர் எதிரியிடம் நிலைகுலைந்து நின்ற வரலாற்றைச் சொல்லப் புகுகிறோம். நாவே, நடுங்காதிரு.

எதிரியின் திருப்பெயர் பாஸ்கர். பால்நிற மேனியும் பவளவிழியும் படைத்த முயல். எட்டாண்டுகளுக்கு முன் புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அதை வாங்கி வந்தவள் பஞ்சநாதரின் மகள் அருள்மொழி. அதன் முன்பற்கள் தன் கணக்கு வாத்தியாரை நினைவூட்டியதால் அவர் பெயரையே சூட்டியவளும் அவளே. பின்னர் அவள் கோயம்புத்தூர்க் கல்லூரிக்குப் போய்விட, பாஸ்கர் தந்தையின் காலடியில் தங்கிவிட்டது. மாலைதோறும் உப்பு விலையையும், மழை பயத்தையும், சக முதலாளிகளின் சூதையும் அவர் எடுத்துரைக்க, காதுகளை மடக்காமல் கேட்ட ஒரே உயிர் அதுதான்.

அத்தகைய பாஸ்கர் ஒரு திங்கட்கிழமை காலை கேரட்டை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கலங்கினாரா பஞ்சநாதர்? இல்லை, படை திரட்டினார். கொத்தமல்லிக் கட்டுகள் முன்னணியாகவும், முட்டைகோசு யானைப்படையாகவும், மில்க் பிஸ்கட் இறுதி அஸ்திரமாகவும் அணிவகுத்தன. அத்தனையும் பாஸ்கரின் மூக்கு நுனியில் மோதி வீழ்ந்தன. பாஸ்கர் உண்ணும்வரை இவ்வீட்டில் எவரும் உண்ணலாகாது என்று பஞ்சநாதர் பிரகடனம் செய்தார். அவருடைய மனைவி அம்சவல்லி அதைக் கேட்டபடியே நான்காவது இட்லியைச் சட்னியில் தோய்த்தாள்.

மறுநாள் பிளாஸ்டிக் கூடையை மடியில் ஏந்தி, வானூர்ப் பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் சென்றார். அங்கே மூன்று பசுக்களுக்கும் ஒரு கிடாவுக்கும் பின்னால் வரிசையில் நிற்க நேர்ந்தது. தாம் இன்னார் என்று அவர் அறிவித்தும் பசுக்கள் வழிவிடவில்லை. மருத்துவர் பாஸ்கரின் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்து, கடைவாய்ப் பல் வளர்ந்து நாக்கைக் குத்துகிறது என்று கண்டறிந்து, அதைத் தேய்த்துவிட்டார். கேரட்டையும் பிஸ்கட்டையும் நிறுத்தச் சொன்னார். இனி அருகம்புல்லை அரைத்துக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்ட வேண்டும்; குடல் ஓடாமல் நின்றுவிட்டால் பிழைப்பது கடினம்.

"எட்டு வயசுன்னா முயலுக்குக் கெழ வயசுங்க" என்றார் மருத்துவர். "நீங்கதான் பக்கத்துல இருந்து பாத்துக்கணும்."

திரும்பும் வழியெல்லாம் பஞ்சநாதர் கூடையின் மேல் வெயில் படாதபடி தோள்துண்டைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

உப்பு மண்ணில் அருகு ஏது? இருவர் மொபெட்டில் பிரம்மதேசத்து வயல்வரப்புகளை நோக்கி ஏவப்பட்டு, ஒரு சாக்குப் புல்லுடன் வாகை சூடி மீண்டனர். மிக்ஸி முழங்கியது. மொசைக் தரையே போர்க்களமாக, வலக்கையில் சிரிஞ்சை வேலென ஏந்தி, பஞ்சநாதர் மண்டியிட்டார். முதல் தாக்குதலில் பச்சைச் சாறு அவருடைய வெள்ளைச் சட்டையில் பாய்ந்தது. இரண்டாம் தாக்குதலில் பாஸ்கர் நழுவிக் கட்டிலுக்கடியில் புகுந்தது. பின்தொடர்ந்த தலைவர் கட்டில் சட்டத்தில் நெற்றியை முட்டிக்கொண்டார். மூன்றாம் தாக்குதலில், நாற்பது ஏக்கர் குத்தகைப் பத்திரத்தில் கைநாட்டு வைத்த அந்தக் கட்டைவிரல் கடிபட்டது.

அவ்வேளையில் கொல்லை வாசலில் வந்து நின்றாள் திரௌபதி. அவருடைய அளத்தில் பதினான்கு ஆண்டுகளாக உப்பு வாருபவள். முந்தின நாள் இரண்டு பெண்கள் பாத்தி வரப்பில் மயங்கி விழுந்திருந்தார்கள். ஒதுங்க ஒரு நிழல் வேண்டும் என்று கேட்க வந்திருந்தாள். மூன்று கோடையாக அவள் இதைக் கேட்டு வந்தாள். மூன்று கோடையாக, சீசன் முடியட்டும் என்று பஞ்சநாதர் சொல்லி வந்தார். இன்றோ பச்சை வடிந்த சட்டையும் வீங்கிய நெற்றியுமாக அவர் தரையில் கிடந்ததைக் கண்டு, வந்த காரியத்தை மறந்து உள்ளே வந்தாள்.

"நேரா ஊத்தாதீங்க மொதலாளி, பொறையேறிடும். வாயோரமா வுட்டு, முழுங்கற வரைக்கும் நிறுத்தணும்."

ஒரு துண்டில் பாஸ்கரைக் கழுத்துவரை சுற்றி மடியில் இருத்தி, கடைவாயோரம் சொட்டுச் சொட்டாக விட்டாள். பாஸ்கர் விழுங்கியது. எங்கே கற்றாய் இவ்வித்தையை என்று வினவினார் பஞ்சநாதர்.

"எங்க மாமியார் படுத்து ரெண்டு வருசமாவுது. அவங்களுக்கு இப்டிதான் கஞ்சி குடுக்கறேன்."

பதினான்கு ஆண்டுகளில் அவளுக்கு ஒரு மாமியார் உண்டென்பதை அன்றுதான் அறிந்தார் தலைவர். பிறகு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து ஊட்டிச் செல்லுமாறு அவளைக் கேட்டுக்கொண்டார். ஆம், ஆணையிடவில்லை, கேட்டுக்கொண்டார்.

திரௌபதி துண்டை அவிழ்க்காமல் யோசித்தாள். "வர்றேங்க. ஆனா அளத்துல கீத்துக் கொட்டாய் போட்டாதான் வருவேன். தண்ணி டிரம்மும் வேணும்."

பஞ்சநாதர் பாஸ்கரைப் பார்த்தார். பாஸ்கர் உதட்டை நக்கியது. அன்று பொழுது சாய்வதற்குள் அளத்தின் நடுவே தென்னங்கீற்றுக் கொட்டகை எழுந்தது. அதனடியில் நீல டிரம் நிறைந்தது. மனுக்களும் மயக்கங்களும் சாதிக்காததை ஒரு முயலின் கடைவாய்ப் பல் சாதித்தது. தொழிலாளர் நலன் தம் நெடுநாட் கனவு என்று உப்பு முதலாளிகள் கூட்டத்தில் பஞ்சநாதர் முழங்கியதை இங்கே விரித்துரைக்க இடமில்லை.

வெள்ளிக்கிழமை காலை வந்தது. கீழ்வானம் வெளுக்குமுன் எழுந்து, உண்டதெல்லாம் உள்ளே நின்றுவிட்டதோ என்று அஞ்சி, கைவிளக்கேந்தித் தரையோடு தரையாகத் தவழ்ந்த பஞ்சநாதர், கட்டிற்காலின் அருகே, கடல் தராத கருமுத்துகளென, உருண்டு திரண்டு ஒளிர்ந்த பதினேழு முயற்புழுக்கைகளைக் கண்டார். கண்டு, எண்ணி, மீண்டும் எண்ணி, கண்ணீர் மல்கி, உறங்குவோர் விழித்தெழ, தெருநாய்கள் பதில் முழக்க, "பாஸ்கர் ஜெயிச்சிட்டான்" என்று விண்ணதிர அறிவித்து, அம்முத்துக் குவியலின் முன் கைகூப்பி நின்றார்.

அம்சவல்லி துடைப்பத்தை எடுத்துவந்து கூட்டித் தள்ளினாள்.